பூட்டிய கதவும் கூடாரமும்

உலகப் படத்தில் பசிபிக் கடலைப் பாருங்கள். நியூசிலாந்துக்கு வடகிழக்கே சின்னப் புள்ளிகளாகச் சில தீவுகள் தெரியும். அதுதான் சமோவா நாடு. மக்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். 1962இல் நியூசிலாந்திடமிருந்து விடுதலை பெற்றது.

அந்நாட்டின் முதல் பெண் பிரதமர் நவோமி மதாஃபா. 1957இல் பிறந்தார். விடுதலை பெற்ற சமோவாவின் முதல் பிரதமர் அவருடைய தந்தைதான். தாயும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்.

பெரிய வீட்டுப் பெண்தான். ஆனாலும் எல்லாம் எளிதாகக் கிடைக்கவில்லை. சமோவாவில் குடும்பத் தலைவரை ‘மதாய்’ என்பார்கள். குடும்ப நிலத்திலும் ஊர்ப் பேச்சிலும் மதாய் சொல்லுக்குத்தான் மதிப்பு. மதாய் பட்டம் பெரும்பாலும் ஆண்களுக்கே போகும். 1975இல் தந்தை இறந்தார். அவருடைய ‘ஃபியாமே’ பட்டம் யாருக்கு? வழக்கு நிலம், பட்டம் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தனி நீதிமன்றத்துக்குப் போனது. 1978இல் பட்டம் நவோமிக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான்.

அன்று பெரும்பாலும் மதாய்களுக்கே ஓட்டு. தேர்தலில் நிற்பதும் பெரும்பாலும் அவர்களே. (நம் நாட்டில் முதல் பொதுத்தேர்தலிலேயே 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு இருந்தது.) சமோவாவில் 1990இல்தான் எல்லோருக்கும் ஓட்டு வந்தது. தேர்தலில் நிற்க மட்டும் இன்றும் மதாய் பட்டம் வேண்டும்.

நவோமி 1985இல் லோதோஃபாகா தொகுதியில் வென்றார். 1991இல் கல்வி அமைச்சர் ஆனார். அமைச்சரவையில் இடம் பெற்ற முதல் பெண் அவர்தான். 2016இல் துணைப் பிரதமர் ஆனார்.

2020இல் அரசு சில சட்டங்களைக் கொண்டுவந்தது. பட்ட வழக்குகளில் உச்ச நீதிமன்றம் தலையிட முடியாதபடி அவை இருந்தன. ‘இது நீதியின் கையைக் கட்டும்’ என்பது நவோமியின் கருத்து. பதவியை விட்டு விலகினார். புதிய கட்சிக்குத் தலைவர் ஆனார்.

2021 ஏப்ரலில் தேர்தல். ஆளும் கட்சிக்கு 25 இடம். நவோமியின் கட்சிக்கும் 25. சுயேச்சை ஒருவர். தேர்தல் ஆணையம் ஆளும் கட்சிக்கு ஓர் இடத்தைக் கூட்டிக் கொடுத்தது. சுயேச்சை நவோமியின் பக்கம் வந்தார். 26க்கு 26! உச்ச நீதிமன்றம் அந்தக் கூடுதல் இடம் செல்லாது என்றது. 22 ஆண்டுக்கு மேல் பிரதமராக இருந்த துயிலாயெபா பதவியை விடவில்லை.

மே 24. சட்டப்படி சபை கூடக் கடைசி நாள். தலைமை நீதிபதி வந்து பார்த்தார். நாடாளுமன்றக் கதவு பூட்டியிருந்தது. நவோமி கூச்சல் போடவில்லை; கதவை உடைக்கவும் சொல்லவில்லை. வெளியே புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். அங்கேயே பதவி ஏற்றார். இது செல்லுமா? இரண்டு மாதம் இழுபறி. ஜூலை 23இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘செல்லும்’ என்றது. அதன் பிறகுதான் அலுவலகச் சாவி கைக்கு வந்தது.

2025இல் அவருடைய கட்சியே உடைந்தது. இரண்டு நம்பிக்கையில்லாத் தீர்மானங்களைத் தாண்டினார். மே மாதம் வரவு செலவுத் திட்டம் தோற்றது. தேர்தலுக்குப் போனார். அவருடைய புதுக் கட்சிக்கு மூன்று இடமே கிடைத்தது. செப்டம்பரில் வேறொருவர் பிரதமர் ஆனார். இம்முறை கதவு எதுவும் பூட்டப்படவில்லை. லோதோஃபாகா மக்கள் மட்டும் நவோமியையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்.

கலந்து பேசுங்கள்:
துணைப் பிரதமர் பதவியை நவோமி ஏன் விட்டார்?
கதவு பூட்டியிருந்த அன்று நீங்கள் அங்கே இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?