கையாளப்படாத பிரொமிஸ் நிராகரிப்பு

மாணவர்களே, ஓர் இணையப் பக்கத்தில் "புள்ளிகளைக் காட்டு" என்னும் பொத்தானை அழுத்துகிறீர்கள். "காத்திருக்கவும்" என்ற வாசகம் தோன்றுகிறது. ஐந்து நிமிடம் சென்றும் அது மாறவில்லை. இணைப்பு அறுந்து வழு ஏற்பட்டுவிட்டது. ஆனால் அதனை உங்களுக்கு அறிவிக்கும் கட்டளை செய்நிரலில் இல்லை. இக்குறைபாட்டை நீக்கும் முறையை இங்கு நோக்குவோம்.

1. பிரொமிஸ் என்றால் என்ன?

பின்னர் கிடைக்கவுள்ள பெறுபேற்றைக் குறிக்கும் பொருள் பிரொமிஸ் ஆகும். இது 2015 ஆம் ஆண்டின் நியமத்துடன் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சேர்க்கப்பட்டது. இதற்கு மூன்று நிலைகள் உண்டு.

• நிலுவை – பெறுபேறு இன்னும் வரவில்லை
• நிறைவேற்றம் – பெறுபேறு கிடைத்தது
• நிராகரிப்பு – வழு ஏற்பட்டது

நிராகரிப்பைக் கவனிக்கும் கட்டளை எதுவும் இணைக்கப்படாவிடின் அது கையாளப்படாத நிராகரிப்பு எனப்படும். மேலோடி இதனைக் கொன்சோலில் மட்டுமே எழுதும். சாதாரண பயனர் கொன்சோலைத் திறந்து பார்ப்பதில்லை.

2. கையாளும் முறைகள்

(அ) 'தென்' தொடரின் இறுதியில் 'கட்ச்' இணைத்தல்.
(ஆ) எசிங்க் சார்பினுள் 'ட்ரை–கட்ச்' அமைத்து, 'ட்ரை' தொகுதியில் 'அவெய்ட்' இடுதல்.
(இ) விண்டோ பொருளின் 'அன்ஹாண்டில்ட்ரிஜெக்ஷன்' நிகழ்வைச் செவிமடுத்தல். வழுவின் காரணம் நிகழ்வின் 'ரீசன்' பண்பில் கிடைக்கும்.

(இ) என்பது தப்பிச் சென்ற வழுக்களைப் பதிவுசெய்வதற்கான இறுதி ஏற்பாடு மட்டுமே. அது (அ), (ஆ) ஆகியவற்றுக்கு மாற்றீடு அன்று.

3. கவனிக்க

• 'கட்ச்' தொகுதியை வெறுமையாக விடாதீர்கள். அதனால் வழு தீராது, மறைக்கப்படும். பயனருக்கு ஒரு செய்தியையேனும் காட்டுங்கள்.
• சேவையகம் 404 என விடையளித்தாலும் 'பெட்ச்' நிராகரிக்காது. எனவே 'ஓகே' பண்பைத் தனியே சோதித்தல் வேண்டும்.

மாதிரி வினா

'ட்ரை' தொகுதியினுள் 'அவெய்ட்' இன்றி 'பெட்ச்' அழைக்கப்பட்டுள்ளது. இணைப்பு அறுந்தால் அதன் 'கட்ச்' தொகுதி இயங்குமா? காரணம் தருக.

விடை: இயங்காது. 'பெட்ச்' உடனடியாக நிலுவையிலுள்ள பிரொமிஸ் ஒன்றைத் தரும். செய்நிரல் காத்திராமல் 'ட்ரை' தொகுதியை விட்டு வெளியேறும். நிராகரிப்பு அதன் பின்னரே நிகழ்வதால் அது கையாளப்படாததாகிவிடும்.

"இயங்காது" என மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். எது முன்னர், எது பின்னர் நிகழ்கிறது என்பதை விளக்குவதே முழுமையான விடையாகும்.