மாடல் பெயிண்ட் தோல் கட்டாமல் இருக்க...

போன வருஷம் பாலம் மாடலுக்கு வாங்கிய 100 மில்லி எனாமல் டப்பாவில் பாதி மீந்தது. ஆரணியில் எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்கடியில் வைத்தேன். கண்காட்சிக்கு முந்தின நாள் திறந்தால் மேலே தடித்த தோல்! கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அப்பா மூட்டை தூக்கிய காசு அது. அவர் திட்டவில்லை. "படிக்கிறவன்தானே, ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்லு" என்றார். எனக்குத் தெரியவில்லை.

எனாமல், தின்னர் ஆவியாவதால் மட்டும் காய்வதில்லை. அதிலுள்ள ஆல்கைடு ரெசின் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். பாதி டப்பாவில் 50 மில்லி காற்று என்றால் பத்தரை மில்லி ஆக்சிஜன் உள்ளேயே இருக்கிறது. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் அது போகாது. ஆகவே காலி இடத்தைக் குறைக்க வேண்டும். சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றலாம். கிடைக்காவிட்டால் கோலிக்குண்டு! 16 மி.மீ. கோலி ஒன்று சுமார் 2 மில்லி இடம் பிடிக்கும். கழுவிக் காயவைத்து 20 போட்டால் 40 மில்லி காற்று வெளியே போய்விடும். (தம்பி இன்னும் கோலியைக் கேட்கிறான்.) மேலே சில சொட்டு டர்பென்டைன் விட்டு, கலக்காமல், மூடி உட்காரும் காடியைத் துடைத்துவிட்டு மூடுங்கள். சூடு படாத இடத்தில் வையுங்கள்.

தண்ணீர் பெயிண்டுக்கு டர்பென்டைன் கூடாது. அதற்கு மூடி இறுக்கமாக இருந்தாலே போதும்.

தோல் கட்டிவிட்டால் கலக்காதீர்கள். ஓரமாக அறுத்தெடுத்து, மீதியைப் பழைய நைலான் துணியில் வடிகட்டுங்கள்.

அடுத்த டப்பாவை ஐந்து மாசம் கழித்து அப்பா முன்னாலேயே திறந்தேன். தோல் இல்லை. "கோலி எதுக்குடா?" என்றார். அன்றைக்குத்தான் பதில் சொன்னேன்.