சொந்த லாரியும் ஒரு வகுத்தல் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

லாரித் தொழிலுக்கும் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கும் பெயர் பெற்றது நாமக்கல். ஒரே வண்டியை வைத்து, தாமே ஓட்டிப் பிழைப்போர் இங்குப் பலர். என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விடுமுறையில் அவருடைய கணக்கு நோட்டைப் புரட்டியபோது விளங்கியதை இங்கு எழுதுகிறேன். கணக்கு எளிதாக வேண்டி எண்களை முழுமையாக்கியுள்ளேன்.

செலவு இரு வகை

லாரிச் செலவில் ஒரு வகை நாளோடு வளர்வது: கடன் தவணை, இன்ஷூரன்ஸ், வரி, பர்மிட், கிளீனர் சம்பளம். மாதம் ரூ.60,000 என்றால் நாளொன்றுக்கு ரூ.2,000. வண்டி ஓடினாலும் நின்றாலும் இது உண்டு. மற்றொரு வகை தூரத்தோடு வளர்வது: டீசல், டயர் தேய்மானம், சுங்கம். லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் வண்டிக்கு, டீசல் ரூ.90 எனில், கி.மீ.க்கு ரூ.22.50 டீசலுக்கே போகும்.

சென்னையா, டில்லியா?

சென்னை ஏறக்குறைய 370 கி.மீ. ஓட ஒரு நாள். சரக்கை ஏற்ற, இறக்க இரண்டு நாள். மூன்று நாள் செலவு ரூ.6,000. இதை 370ஆல் வகுத்தால் கி.மீ.க்கு ரூ.16.20 வருகிறது.

பெங்களூர், ஐதராபாத், நாகபுரி, ஆக்ரா வழியே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் டில்லி சுமார் 2,400 கி.மீ. ஓட ஆறு நாள். ஏற்றி இறக்க அதே இரண்டு நாள். ரூ.16,000ஐ 2,400ஆல் வகுத்தால் ரூ.6.70தான். நெடுந்தூரமே லாபம் என்று தோன்றும்.

ரிட்டர்ன் லோடு

2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபின் மாநில எல்லைகளில் வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அங்கு நிற்பது குறைந்தது. ஆனால் லோடுக்காக நிற்பது குறையவில்லை. ஒரு முறை டில்லியில் “நாளைக்கு லோடு உண்டு” என்ற சொல்லை நம்பி, தந்தையார் ஒன்பது நாள் காத்திருந்தார். எட்டு நாள் பயணம் பதினேழு நாளாயிற்று. கி.மீ.க்கு ரூ.6.70 என்பது ரூ.14.20 ஆகிவிட்டது. அம்மாதத் தவணைக்கு அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின.

உருளைக்கிழங்கு விளையும் ஆக்ரா, ஊர் திரும்பும் வழியில் 200 கி.மீ. தூரத்தில்தான் உள்ளது. அங்குவரை காலியாக வந்திருந்தால் டீசல் கூடுதலில்லை. எப்படியும் அவ்வழியே வரவேண்டும். கி.மீ.க்கு ரூ.40 வீதம் ரூ.8,000 வாடகை மட்டுமே நஷ்டம். அது நான்கு நாள் காத்திருப்புக்குச் சமம்.

இதைச் சொன்னபோது அவர், “கணக்குச் சரிதான் கண்ணு. ஆக்ராவிலும் லோடு இல்லைன்னா?” என்றார். நியாயமான கேள்வி! அங்கு விசாரித்தபிறகே புறப்பட வேண்டும். ஆனால் விசாரிப்பதை முதல் நாளே தொடங்கலாமல்லவா? இப்போது அவர் நோட்டில் ஒவ்வொரு நடைக்கும் ‘நின்ற நாள்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. கோடு போட்டுக் கொடுத்தவன் நான், நிரப்புகிறவர் அவர்.