சர்க்கரை குறைந்தாலும் ஆபத்துதான்!



சர்க்கரை நோய் என்றாலே இரத்தத்தில் சர்க்கரை கூடுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். மருந்து எடுப்பவர்களுக்கு அது அளவுக்கு மீறிக் குறைந்தும் போகலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

எங்கள் குழுக் கூட்டத்தில் ஒருமுறை, இன்சுலின் போடும் அக்கா ஒருவருக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினார். காலையில் ஊசி போட்டுவிட்டு, நேரமாச்சு என்று சாப்பிடாமல் வந்திருக்கிறார். ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் கலக்கினார். "ஐயையோ, சுகர்காரங்களுக்குச் சர்க்கரையா?" என்று நாங்களே தடுத்தோம். நல்லவேளை, அங்கிருந்த கிராம சுகாதார செவிலியர் எங்களை அதட்டி, அதைக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் அக்கா தெளிந்தார். அன்று கற்றதை உங்களுக்கும் சொல்கிறோம்.

அடையாளங்கள்

* குளிர்ந்த வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி
* தலைசுற்றல், கண் மங்குதல், காரணமில்லாத கோபம்
* குடித்தவர் போல் பேச்சுக் குழறுதல், பிறகு வலிப்பு, மயக்கம்

இதைப் பார்த்துப் "பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

எதனால் வருகிறது?

ஊசியோ மாத்திரையோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது, விரதம், வெறும் வயிற்றில் வயல் வேலை, மருந்து அளவு கூடுவது, வாந்தி பேதி, மது. வயதானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கூடுதல் கவனம் தேவை.

நினைவு இருந்தால்

1. மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள்.
2. 15 நிமிடம் பாருங்கள். சரியாகவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள்.
3. தெளிந்ததும் இட்லி, சோறு என்று ஏதாவது சாப்பிட வையுங்கள்.

சோதிக்கும் கருவி இருந்தால் 70க்குக் கீழ் காட்டினால் குறைவு. கருவி இல்லை என்று காத்திருக்க வேண்டாம். கூடியதா, குறைந்ததா என்று தெரியாவிட்டாலும் சர்க்கரை கொடுங்கள். கூடியிருந்தால் இந்தக் கொஞ்சத்தால் பெரிய கெடுதல் வராது. குறைந்திருந்தால் அதுவே உயிரைக் காக்கும்.

மயங்கிவிட்டால்

வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குப் போன் செய்யுங்கள். மருத்துவமனையில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். இன்சுலின் ஊசி மட்டும் போட்டுவிடாதீர்கள். சாப்பிடும் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள். சில மாத்திரைகளின் வேகம் ஒரு நாளுக்கு மேலும் இருக்கும். தெளிந்த பிறகும் சர்க்கரை மறுபடி இறங்கலாம். அதனால் டாக்டர் சொல்லும் வரை வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

* நம் குழுவில் சர்க்கரைக்கு ஊசி, மாத்திரை எடுப்பவர்கள் யார் யார்?
* அவர்கள் முந்தானையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் முடிந்து வைத்திருக்கிறார்களா?