அலுவலகக் கடிதங்களில் குன்றக் கூறல்: தொல்காப்பியரின் தொழில் முதனிலைகள்வழி ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அரசு அலுவலகக் கடிதங்கள் படிப்போர்க்கு விளங்காமற் போவதற்கு அயற்சொல்லோ கடினமான கலைச்சொல்லோ முதற்காரணம் அன்று. வினைக்கு இன்றியமையாத உறுப்புகளை விட்டு எழுதும் தொடரமைப்பே காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. தொல்காப்பியர் கூறும் தொழில் முதனிலைகள் எட்டினையும் அளவுகோலாகக் கொண்டு, அலுவலகத் தமிழில் வேரூன்றிய சில தொடர்வடிவங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆட்சித்தமிழ், தொழில் முதனிலை, குன்றக் கூறல், வினைமுதல், செயப்பாட்டுவினை.

முன்னுரை

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அலுவலக மொழியாக்கியது. அதனையொட்டி எழுந்த பணிகளுள் முதன்மையானது சொல்லாக்கம். ‘பைல்’ கோப்பாயிற்று, ‘மெமோ’ குறிப்பாணையாயிற்று, ‘சர்க்குலர்’ சுற்றறிக்கையாயிற்று. இவை இன்று எவர்க்கும் அயலாகத் தோன்றாத சொற்கள். ஆயினும் சொற்கள் அனைத்தும் தெரிந்த ஒருவர், தமக்கு வந்த கடிதத்தைப் படித்து முடித்தபின், தாம் என்ன செய்யவேண்டும் என்று அறியாமல் அலுவலக வாயிலில் நிற்கும் நிலை மாறவில்லை. சொல் விளங்கியும் செய்தி விளங்காத இந்நிலையை இலக்கணநெறியில் ஆராய இடமுண்டு. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் வழக்கிலுள்ள வடிவத்தைக் காட்டுவதற்காகக் கட்டுரையாளர் அமைத்தவை. எந்த அலுவலகத்துக் கோப்பிலிருந்தும் எடுத்தவை அல்ல.

எட்டு உறுப்புகள்

வேற்றுமை மயங்கியலில் தொல்காப்பியர் ஒரு தொழில் நிகழ்வதற்குக் காரணமானவற்றை எட்டாக வகுக்கிறார். தொழில், அதனைச் செய்வோன், அத்தொழிலுக்கு உட்படும் பொருள், இடம், காலம், கருவி, யாருக்காக என்பது, என்ன பயன் கருதி என்பது ஆகியவை அவை. வேற்றுமை உருபுகள் ஏற்கும் பொருளை விளக்க எழுந்த வகைப்பாடு இது. எனினும், ஒருவர் மற்றொருவரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்விக்க முற்படும்போது சொல்லவேண்டியவை எவை என்ற வினாவிற்கு இதனினும் நிறைவான விடையை இன்றைய மேலாண்மைக் கையேடுகளில் தேடினாலும் காண்பது அரிது. அக்கையேடுகள் பெரும்பாலும் கனிவு, கவனம், நம்பிக்கை எனப் பேசுவோரின் பண்புகளைப் பேசுகின்றன. தொல்காப்பியர் வகுத்ததோ தொடரின் உறுப்புகளை. பண்பை அளத்தல் அரிது. உறுப்பு இருக்கிறதா இல்லையா என்பதை எவரும் எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவுகோலைக் கீழ்வரும் தொடரில் பொருத்திப் பார்ப்போம்: ‘பார்வையில் காணும் கடிதத்தின் மீது உரிய நடவடிக்கை விரைவில் மேற்கொள்ளுமாறு சம்பந்தப்பட்ட அலுவலர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ தொழில் எது? நடவடிக்கை, என்ன நடவடிக்கை என்பது இல்லை. செய்வோர் யார்? சம்பந்தப்பட்டவர், சம்பந்தம் உடையவர் எவர் என்பதை ஒவ்வொருவரும் தம்மை நீக்கியே முடிவு செய்வர். காலம் விரைவு; நாள் இல்லை. இடம், கருவி, பயன் ஆகியவற்றின் சுவடே இல்லை. ‘உரிய’, ‘சம்பந்தப்பட்ட’, ‘விரைவில்’ என்னும் மூன்று சொற்களும் உறுப்பு இருக்கவேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு உறுப்பு இருப்பதுபோல் தோற்றம் தருகின்றன. வெற்றிடத்தை விட்டிருந்தால் படிப்பவர் குறையை உடனே கண்டிருப்பார்.

வினைமுதல் மறையும் வழி

மேற்காட்டிய தொடரின் முடிக்கும் சொல் தனியே நோக்கத்தக்கது. தமிழ் வினைமுற்று தன் விகுதியால் திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டும். ‘கேட்கிறேன்’ என்றால் எழுவாய் இல்லாமலே கேட்பவர் வெளிப்படுவார். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பதிலோ விகுதி கேட்பவரைச் சுட்டாமல் கேட்கப்படுபவரைச் சுட்டுகிறது. ‘தெரிவிக்கப்படுகிறது’ என்பதில் அதுவும் இல்லை. அஃறிணை ஒருமை விகுதியே எஞ்சுகிறது. மனிதர் இருவரிடையே நிகழும் செயலை மனிதர் எவரும் இல்லாத செயலாக இவ்வடிவம் ஆக்கிவிடுகிறது.

‘படு’ துணைவினையை அயல்வழக்கு என்று விலக்குவது பொருந்தாது. செயப்பாட்டுவினை தமிழுக்குப் புதிதன்று. அன்றியும், செயப்படுபொருளையே வினைமுதல்போலக் கூறும் வழக்கையும் தொல்காப்பியர் வினையியலில் ஏற்கிறார். திண்ணை மெழுகிற்று என்பது உரையாசிரியர் காட்டும் சான்று. மெழுகியவர் யார் என்பது அங்கே தேவையற்ற செய்தி. திண்ணை தூய்மையாயிற்று என்பதே பேச்சின் நோக்கம். ஓய்வூதியக் கோப்பு நிலுவையில் வைக்கப்பட்டுள்ளது என்பதில் வைத்தவர் யார் என்பது தேவையற்ற செய்தியாகாது. வடிவம் ஒன்றே, பயன்படும் சூழல் வேறு.

இவ்வடிவம் நிலைத்திருப்பதற்கு எழுதுவோரின் அறியாமை காரணம் என்று கூறவியலாது. பெயரோ பதவியோ தொடரில் இடம்பெற்றால் நாளை தணிக்கையில் விளக்கம் அளிக்கவேண்டியவர் அவரே. ஆகவே வினைமுதல் மறைவு எழுதுவோருக்குக் காப்பாகிறது. அலுவலகம் தனிமனிதரின் விருப்பு வெறுப்பின்றி இயங்கவேண்டும் என்பதால் தன்மையிடம் தவிர்த்தல் சரியே என வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயின் தனிமனிதரை விலக்குவதற்குப் பதவிப் பெயரே போதுமானது. ‘வட்டாட்சியர் ஆணையிடுகிறார்’ என்னும் தொடரில் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை, பொறுப்பு உண்டு. (ஆய்வேடுகளில் நாம் எழுதும் ‘கருதப்படுகிறது’ என்பதும் இவ்வகையினதே. கருதியவர் பிறரா ஆய்வாளரா என்பது பல இடங்களில் தெரிவதில்லை.)

சுருக்கமும் குறைவும்

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூற்குற்றங்கள் பத்தனுள் குன்றக் கூறலை முதலாவதாகவும், நூலழகுகள் பத்தனுள் சுருங்கச் சொல்லலை முதலாவதாகவும் வைக்கிறார். இரண்டும் எதிரெதிர் வரிசைகளின் தலையில் நிற்பது கருதத்தக்கது. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றெனத் தோன்றும். சுருங்கச் சொல்லலை அடுத்து விளங்க வைத்தல் வருவதால் வேறுபாடு தெளிவாகிறது.

கணவரை இழந்த ஒருவர் குடும்ப ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கிறார் எனக் கொள்வோம். அவருக்கு வரும் விடை: ‘தங்கள் விண்ணப்பம் உரிய ஆவணங்கள் இணைக்கப்படாமையால் திருப்பி அனுப்பப்படுகிறது. குறைகளை நிவர்த்தி செய்து மீள அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ இதே செய்தியை இவ்வாறும் எழுதலாம்: ‘தங்கள் விண்ணப்பத்துடன் கணவரின் இறப்புச் சான்றும் தங்கள் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கப் படியும் இல்லை. அவ்விரண்டையும் இவ்வலுவலகக் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் ஜூன் 30ஆம் நாளுக்குள் நேரிலோ அஞ்சலிலோ கொடுங்கள். கிடைத்தபின் விண்ணப்பத்தை மாநிலக் கணக்காயருக்கு நாங்கள் அனுப்புவோம்.’ இரண்டாவது நீளமானது. எனினும் முதலாவதையே குன்றக் கூறல் என்க. அக்கடிதத்தைப் பெற்றவர் எந்த ஆவணம் என்று கேட்க ஒருமுறை, எவரிடம் கொடுப்பது என்று கேட்க மற்றொருமுறை எனப் பேருந்தேறி வரவேண்டும். ஒவ்வொரு வருகைக்கும் ஒருநாள் கூலி போகும். கடிதத்தில் மிச்சமான சொற்களின் விலையை அவர் கொடுக்கிறார்.

மிகைபடக் கூறல் பற்றி இவ்வளவு கூறத் தேவையில்லை. ‘தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்’ போன்ற மரியாதைத் தொடர்களை நகைப்பது எளிது. அவற்றால் எவருடைய விண்ணப்பமும் தங்கிவிடுவதில்லை.

உறுப்புகள் சிலவற்றைக் கட்டாயமாக்கினால் எழுத்து எவ்வாறு மாறும் என்பதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 சான்று. விண்ணப்பத்தை மறுக்கும் அலுவலர் மறுப்பின் காரணத்தையும், மேல்முறையீடு செய்வதற்குரிய காலத்தையும், மேல்முறையீட்டு அலுவலர் பற்றிய விவரத்தையும் தெரிவிக்கவேண்டும் என அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு விதிக்கிறது. காரணம், காலம், செய்வோன் என்னும் மூன்றையும் அது பெயர் சொல்லாமலே வேண்டி நிற்கிறது. மறுப்பே ஆயினும், அதனைப் பெறுபவர் அடுத்து எங்கே செல்லவேண்டும் என்பதை அறிந்துகொள்கிறார்.

குறைதற்கு இலக்கணம் தரும் இசைவு

எட்டு உறுப்புகளும் எல்லாத் தொடரிலும் வரவேண்டும் என்று தொல்காப்பியர் வற்புறுத்தவில்லை. வகைப்பாட்டை அடுத்தே, வழக்கில் குறையக்கூடியவை குறையும் என்று அவர் இசைவு தருகிறார். அலுவலகச் செய்தித் தொடர்பின் சிக்கல் முழுவதும் இவ்விசைவை எங்கே பயன்படுத்துவது என்பதில் அடங்கியுள்ளது என்பது என் துணிபு. ஒரே அறையில் ஒரே வேலையைப் பத்தாண்டாகச் செய்யும் இருவர்க்கிடையே ‘அது முடிந்ததா?’ என்பது நிறைவான தொடர். அவர்களுக்கு வழக்கு பொது. விண்ணப்பதாரர்க்கும் அலுவலகத்திற்கும் இடையே அத்தகைய பொதுவழக்கு இல்லை. அலுவலர்கள் தமக்குள் பெற்ற இசைவை அவர்மீதும் செலுத்துகிறார்கள்.

கோப்பு இன்னும் கடினமான இடம். அதனைப் படிக்கப்போகிறவர் யார் என்பது எழுதும்போது தெரியாது. உயர் அலுவலர் குறிப்பின் ஓரத்தில் ‘பேசுக’ என்று ஒரு சொல் எழுதுவது பரவலான வழக்கு. அன்று மாலையே பிரிவு எழுத்தர் சென்று பேசுவார், முடிவும் பிறக்கும், வேலையும் நடக்கும். செய்வோன், காலம், பொருள் அனைத்தும் அவ்விருவரின் நினைவில் உள்ளமையால் அச்சொல் அன்று குறையுடையதன்று. இருவரும் மாறுதலாகிச் சென்றபின் அக்கோப்பைத் திறக்கும் மூன்றாமவர்க்கு, பேசினார்களா, எதைப் பேசினார்கள், என்ன முடிவு செய்தார்கள் என்பன தெரியா. அவர் செய்யக்கூடியது, தாமும் ஒரு குறிப்பெழுதி மேலே அனுப்புவதுதான்.