உழவர் மறுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு

வேளாண் விரிவாக்கப் பணியைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் சில கூற்றுகள் தவறாமல் வந்துவிடுகின்றன. யாரும் அவற்றைச் சரிபார்ப்பதில்லை. அவற்றை நம்பித் திட்டம் போடும்போது இழப்பு உழவர் தலையில் விழுகிறது.

நம்பிக்கை: உழவர்கள் பழமையில் ஊறியவர்கள், புதியதை ஏற்கமாட்டார்கள்.

உண்மை: 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. வானொலியில் அதைப் பற்றிக் கேட்ட தஞ்சை உழவர்கள் வேகமாகப் பயிரிட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே ஊரில் பேர் விழுந்தது. குறுவைக்குப் பொருந்தியது, விளைச்சல் கண்ணுக்குத் தெரிந்தது; ஏற்றுக்கொண்டார்கள்.

அதே காவிரி டெல்டாவில் செம்மை நெல் சாகுபடி அப்படிப் பரவவில்லை. 1983-ல் மடகாஸ்கரில் லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கண்டறிந்த முறை இது. 14 நாள் இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்ட வேண்டும். கோனோவீடரைக் குறுக்கும் நெடுக்கும் உருட்டிக் களையெடுக்க வேண்டும். ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதையே போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000 முதல் இதில் ஆய்வு செய்தது. அரசும் கருவி கொடுத்து ஊக்குவித்தது. பயிற்சி பெற்றும் பலர் ஒன்றிரண்டு அம்சங்களை வைத்துக்கொண்டு மற்றதை விட்டார்கள்.

ஏன்? ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வரும் நாளை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குள் 14 நாள் நாற்று முற்றிவிடும். சம்பாவில் பெருமழை பிடித்தால் தாழ்வான வயலில் இளநாற்று மூழ்கும். இடைவெளி பார்த்து ஒற்றை நாற்று நட்டால் பழகும்வரை நடவு மெதுவாகத்தான் போகும். அதே கூலிக்கு நடும் பெண்கள் ஏன் ஒப்புவார்கள்? கோனோவீடர் கனமானது, பெரும்பாலும் ஆண்கள்தான் தள்ளுகிறார்கள். கைக்களை எடுத்துப் பெண்கள் பெற்றுவந்த கூலி அங்கே போய்விடுகிறது. முறை நல்லதுதான், அதில் எனக்கு ஐயமில்லை. தண்ணீரைத் தன் விருப்பப்படி கட்டவும் வடிக்கவும் முடிகிற உழவருக்கு அது லாபம். மற்றவர்கள் விட்டதை அறியாமை என்று எழுதிவைப்பது அநியாயம்.

நம்பிக்கை: அறிவு ஆய்வகத்தில் பிறக்கிறது; விரிவாக்க அலுவலரின் வேலை அதை வயலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

உண்மை: இந்தோனேசியாவில் அரசு மானிய விலையில் பூச்சிமருந்து கொடுத்தது, உழவர்களும் சொன்னபடி அடித்தார்கள். புகையான் பூச்சியைத் தின்னும் சிலந்திகள் செத்தன, புகையான் பெருகியது. 1986-ல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்று தடை வந்தது. 1989-ல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 25 பேர் பருவம் முழுக்க வாரந்தோறும் ஒரே வயலில் இறங்கிப் பயிரையும் பூச்சியையும் நன்மை செய்யும் உயிரினங்களையும் எண்ணி, தாளில் வரைந்து, மருந்து தேவையா என்று தாங்களே முடிவெடுத்தார்கள். பயிற்றுநர் பதில் சொல்வதைவிடக் கேள்வி கேட்பதே அதிகம். பின்னர் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவும் இதை எடுத்துக்கொண்டன. விரிவாக்கப் பணியில் நான் பார்த்த மிகச் சிறந்த யோசனை இதுதான்.

நம்பிக்கை: ஊருக்கு ஒரு முன்னோடி விவசாயிக்குக் கற்றுக்கொடுத்தால் மற்றவர்களுக்குத் தானாகப் போய்ச் சேரும்.

உண்மை: உலக வங்கி ஆதரவுடன் 1970களில் இந்தியாவில் தொடங்கிய 'பயிற்சி மற்றும் பார்வையிடல்' திட்டம் இந்த எண்ணத்தில்தான் நின்றது. தேர்வான தொடர்பு விவசாயிகள் பெரும்பாலும் நிலமும் வசதியும் உள்ள ஆண்கள். குத்தகைக்காரருக்கும் பெண் உழவருக்கும் செய்தி கசிந்துதான் வந்தது.

நம்பிக்கை: கைபேசி வந்துவிட்டது, இனி அலுவலர் எதற்கு?

உண்மை: 2003-ல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுக்கக் கேட்டபோது, ஏதேனும் ஒரு வழியில் தொழில்நுட்பத் தகவல் பெற்ற உழவர் குடும்பங்கள் 40 விழுக்காடு மட்டுமே. சக உழவரிடம் பெற்றவர்கள் 16.7, உரக்கடைக்காரர் போன்ற இடுபொருள் விற்பவர்களிடம் 13.1, வானொலியில் 13, விரிவாக்கப் பணியாளரிடம் வெறும் 5.7 விழுக்காடு. மருந்து விற்பவரே மருந்து எழுதித் தரும் நிலை அது. அந்த இடைவெளியில் கைபேசி உதவுகிறது, மறுக்கவில்லை. விவசாயி அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். ஆனால் இலை ஏன் பழுக்கிறது என்பதை வேரைப் பிடுங்கிப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அடுத்த முறை உங்கள் ஊருக்கு உதவி வேளாண்மை அலுவலர் வந்தால், நடவு நடும் பெண்களையும் குத்தகைக்குப் பயிர்வைப்பவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். கடந்த முறை அவர் சொன்னதை ஏன் விட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்; அதை அவர் எழுதிக்கொண்ட பிறகு புதிய பரிந்துரையைக் கேளுங்கள்.