நீரில் நிற்கும் வண்ணம்: வாஷ் ஓவியக் கலையும் ஒரு பக்தரின் தூரிகையும்

கலைகள் அறுபத்து நான்கு எனக் கணக்கிட்ட நம் முன்னோர், ஓவியத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்துப் போற்றினர். கோயிற் சுவர் ஓவியங்களையும் தஞ்சாவூர் ஓவியங்களையும் நம் அன்பர்கள் நன்கறிவர். ஆனால், தாளில் வண்ணம் தீட்டி, அத்தாளையே தண்ணீரில் முக்கி எடுத்து, மீண்டும் தீட்டி, மீண்டும் முக்கி உருவாக்கும் ஓவிய முறை ஒன்று பாரதத்தில் உண்டு என்பதைப் பலர் அறியார். அதற்கு ‘வாஷ்’ ஓவியம் என்று பெயர். வங்கத்தில் தோன்றி, லக்னோவிலும் அலகாபாத்திலும் வேரூன்றிய கலை இது.

அடியேன் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன். மழைக்குப் பெயர்பெற்ற தைப்பிங்கில் வசிப்பவன். இளமையில் லக்னோவில் முதியவர் ஒருவரிடம் இரண்டாண்டுக் காலம் இக்கலையைப் பயின்றேன். இப்போது ஞாயிறுதோறும் ஆலய மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறேன். பத்தொன்பது பேருடன் தொடங்கிய வகுப்பில் இன்று எஞ்சியிருப்போர் நால்வர்.

அந்நால்வருள் ஒரு மாணவனின் தந்தையார் ஒருநாள் என்னிடம் வந்து, “ஐயா, தவறாக எண்ண வேண்டாம். இந்த முறை ஜப்பானியரிடமிருந்து வந்தது என்று பையன் படித்துவிட்டு வந்து சொல்கிறான். கோயிலில் கற்றுக்கொடுக்க நம்முடைய கலை எதுவும் இல்லையா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று என்னால் உடனே பதில் கூற இயலவில்லை. அவருக்கு நான் கூறியிருக்க வேண்டிய பதிலே இக்கட்டுரை.

கலை பிறந்த கதை

கல்கத்தாவின் ஜோராசாங்கோ தாகூர் குடும்பத்தில் 1871ஆம் ஆண்டு பிறந்தவர் அவனீந்திரநாத் தாகூர். மகாகவி இரவீந்திரநாத் இவருக்குச் சிறிய தகப்பனார் முறை. இளமையில் ஐரோப்பிய ஆசிரியர்களிடம் ஓவியம் கற்றார். எனினும் அம்முறையில் தம் மனம் நிறைவு பெறவில்லை என உணர்ந்தார். கண்ணனின் லீலைகளை வரைந்து, தமக்குரிய வழியைத் தேடலானார்.

அந்நாளில் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்தவர் ஈ.பி. ஹாவெல் என்னும் ஆங்கிலேயர். இவர் அதற்கு முன் நம் சென்னை ஓவியப் பள்ளியில் பணியாற்றியவர். இந்தியக் கைவினைகளின் பெருமையை நன்கு உணர்ந்தவர். இவர் வாயிலாகவே முகலாய நுண்ணோவியங்களின் அருமை அவனீந்திரருக்குப் புலப்பட்டது. 1905இல் அவனீந்திரர் அப்பள்ளியின் துணைத் தலைவராகப் பொறுப்பேற்றார்.

இதற்கிடையே, 1902இல் ஜப்பானிய அறிஞர் ஒகாகுரா கல்கத்தாவுக்கு வருகை தந்து தாகூர் குடும்பத்தாருடன் நட்புக் கொண்டார். அதன் பயனாக, 1903இல் யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் இரு ஜப்பானிய ஓவியர்கள் அங்கு வந்தனர். தைக்கான் அகன்ற பட்டைத் தூரிகையில் தண்ணீர் தொட்டுப் படத்தை நனைத்து வேலை செய்வதை அவனீந்திரர் கூர்ந்து கவனித்தார். பின்னர்த் தம் படத்தை எடுத்துத் தண்ணீரில் முழுவதுமாக முக்கியே பார்த்தார். கரைந்தது போக எஞ்சிய வண்ணத்தில், பனியினூடே தெரியும் காட்சி போன்ற மென்மை தோன்றிற்று. பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்த செய்தி இது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜப்பானியர் தாளை நனைத்தனர். அவனீந்திரரோ தாளை நீராட்டினார். ஆங்கிலேயரின் நீர்வண்ணம், முகலாயரின் நுண்ணிய கோடு, ஜப்பானியரின் நனைக்கும் முறை ஆகிய மூன்றும் அவர் கையில் கலந்து நான்காவதாக ஒன்று பிறந்தது.

1905இல் அவர் தீட்டிய ‘பாரத மாதா’ இம்முறையில் அமைந்த புகழ்மிக்க ஓவியமாகும். காவி உடுத்திய இளம் பெண்துறவி போன்ற உருவம், நான்கு கரங்கள். ஏடு, நெற்கதிர், வெண்துகில், செபமாலை ஆகியவற்றை அவை ஏந்தியுள்ளன. கல்வி, உணவு, உடை, ஞானம் ஆகியவற்றைத் தன் மக்களுக்கு வழங்கும் தாய் அவள். வங்கப் பிரிவினை நடந்த ஆண்டு அது. நாட்டையே உலுக்கிய அந்த ஓவியத்தின் உயரம் ஓரடிக்கும் குறைவு என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

எழுதும் முறை

கற்க விரும்புவோருக்காக இம்முறையைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவதாக, படத்தை வேறொரு தாளில் வரைந்து திருத்தி முடித்த பின்னரே நல்ல தாளுக்கு மாற்ற வேண்டும். பல முறை நனைவதால் தாள் தடிப்பாகவும், ஓரளவு வழவழப்பாகவும் இருத்தல் நலம். கோடுகளைக் காவி வண்ணத்தால் மெல்லியதாக எழுத வேண்டும்.

இரண்டாவதாக, உடல், ஆடை, பின்னணி ஆகியவற்றுக்கு உரிய வண்ணங்களை நீர்க்கக் கரைத்துப் பூசி, முழுவதும் உலர விட வேண்டும். முழுவதும் என்பதை அடிக்கோடிட்டுக் கொள்க. நம் நாட்டு ஈரக் காற்றில் தாள் உலர ஓர் இரவும் போதாது. வெயிலில் வைத்தால் தாள் வளைந்துவிடும். நிழலில், காற்றோட்டமாக வைப்பதே சிறந்தது.

மூன்றாவதாக, உலர்ந்த தாளை அகன்ற தட்டில் உள்ள தூய நீரில் சில நிமிடங்கள் முக்கி வைக்க வேண்டும். தாளில் ஊறாத வண்ணம் கரைந்து வெளியேறும். பின்னர்ப் பலகையின் மேல் சாய்த்து நீரை வடிய விட வேண்டும்.

நான்காவதாக, நீர் வடிந்து ஈரம் மட்டும் இருக்கும்போது, பட்டைத் தூரிகையால் ஒரே வண்ணத்தை மிக மெல்லியதாகப் படம் முழுவதும் பூச வேண்டும். முகத்தின் மேலும்தான். இதுவே ‘வாஷ்’ எனப்படுவது. அந்திப் பொழுதாயின் மங்கிய செம்மை, இரவாயின் நீலச்சாம்பல். இப்பூச்சு, தனித்தனியாக நின்ற வண்ணங்களை ஒரே ஒளியின் கீழ்க் கொண்டு வந்து சேர்க்கும்.

ஐந்தாவதாக, மீண்டும் உலர்த்தி, மீண்டும் முக்கி, மங்கிப்போன கண், இதழ், விரல் ஆகியவற்றை நுண்தூரிகையால் மீட்டெடுக்க வேண்டும். பிறகு மறுபடியும் பூச்சு. இவ்வாறு ஐந்து முறையும் நடக்கலாம். பத்து முறையும் நடக்கலாம். எனக்கு ஒரு படம் முடிய ஐந்து வாரங்கள் ஆகும். பதினைந்து பேர் ஏன் வகுப்பை விட்டுச் சென்றனர் என்பது இப்போது வாசகர்களுக்கு விளங்கியிருக்கும்.

நான் கற்ற பாடம்

லக்னோவில் நான் பயின்ற இரண்டாம் ஆண்டு அது. மாணவர் கண்காட்சிக்காகக் கோதை நாச்சியாரின் உருவத்தை எழுதிக்கொண்டிருந்தேன். நாள் நெருங்கிவிட்டது. நன்கு உலராத தாளை அவசரப்பட்டு நீரில் இட்டேன். நாச்சியாரின் முகம் என் கண்ணெதிரே கரைந்து போயிற்று. மீண்டும் தொடங்க நேரமில்லை. வெள்ளையைத் தடிப்பாகக் குழைத்துப் பூசி, அதன் மேல் முகத்தை எழுதி, கண்காட்சியில் வைத்துவிட்டேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். நானும் கைகூப்பி ஏற்றுக்கொண்டேன்.

மறுவாரம் என் ஆசிரியர் அப்படத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு வார்த்தையும் பேசாமல் அதைத் தட்டில் இருந்த தண்ணீரில் இறக்கினார். வெள்ளை, பால் போலக் கலங்கி வெளியேறியது. முகம் இருந்த இடத்தில் பழைய காவிக்கோடு மட்டும் மங்கலாக நின்றது. “இதுதான் நீ எழுதியது. மற்றது நீ மறைத்தது” என்றார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. புதிய தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

நான் அந்தத் தாளைத் தொடவில்லை. வெட்கத்தோடு ஊர் திரும்பினேன். பள்ளியில் வேலை கிடைத்தது. பல ஆண்டுகள் விழா மேடைகளுக்குத் திரை எழுதினேன். விளம்பரப் பலகை எழுதினேன். வாஷ் ஓவியத்தின் பக்கமே போகவில்லை. என்னை மீண்டும் அதனிடம் கொண்டு வந்தவை க்ஷிதீந்திரநாத் மஜும்தாரின் ஓவியங்கள்.

பக்தரின் தூரிகை

1891இல் வங்கத்தில் பிறந்த க்ஷிதீந்திரநாத், அவனீந்திரரின் நேர்மாணவர்களுள் ஒருவர். சிறந்த வைணவ பக்தர். நவத்வீபத்தில் தோன்றி, கண்ணன் நாமத்தைப் பாடி ஆடிப் பரப்பிய ஸ்ரீ சைதன்யரின் (1486–1534) வாழ்வே இவருடைய தூரிகைக்கு உரிய பொருளாயிற்று. அச்சைதன்யர் தென்னாட்டு யாத்திரையின்போது திருவரங்கத்தில் மழைக்கால மாதங்கள் நான்கும் தங்கியதாக அவரது வரலாற்று நூல்கள் கூறுவதை இங்கு நினைவுகூரலாம்.

க்ஷிதீந்திரரின் படங்களில் உருவங்கள் கொடிபோல் மெலிந்திருக்கும், மரங்களும் அவ்வாறே. இராதையும் தோழியரும், உலகை மறந்து ஆடும் சைதன்யரும் மெல்லிய வண்ணத் திரைக்கு அப்பால் நிற்பதுபோல் தோன்றுவர்.

அவரைச் சுற்றிக் காலம் மாறிக்கொண்டே இருந்தது. உடன் பயின்ற நந்தலால் போஸ் சாந்திநிகேதன் சென்று வேறு பல முறைகளைக் கையாண்டார். 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் எழுதிய சுவரொட்டிகளில் நாட்டுப்புற ஓவியத்தின் அழுத்தமான கோடும் வண்ணமுமே மேலோங்கின. ஜாமினி ராய் கிராமியப் பட ஓவிய வழியில் சென்றார். 1943இல் தோன்றிய ‘கல்கத்தா குழு’ இளைஞர்கள், பழைய வங்க பாணியை விட்டு விலகிப் புதுமையை நாடினர். வாஷ் ஓவியம் வலுவற்றது, மூடுபனிக் கனவு எனப் பலர் குறை கூறினர். அக்குறையில் உண்மையே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். கைப்பழக்கத்தால் மட்டும் எழுதப்பட்ட வாஷ் படங்கள் சோர்ந்துதான் காணப்படும்.

ஆயினும் க்ஷிதீந்திரர் மாறவில்லை. 1940களில் அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) சென்று, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்தார். 1975இல் மறையும் வரை அதே முறை, அதே கண்ணன், அதே சைதன்யர். மற்றவர்கள் மாறியதும் தவறன்று. அவரவர் தேடல் அவரவர்க்கு. ஆனால் ஒரே நாமத்தை நாள்தோறும் செபிப்பவருக்கு அது பழையதாவதில்லை என்பதுபோல, இவருக்கும் அம்முறை பழையதாகவில்லை. புகழ் வருமா என்று கணக்கிடாமல் ஒன்றிலேயே நின்ற அந்த வாழ்வை அறிந்தபோது, ஒரு முகம் கரைந்ததற்காக ஓடிவந்த என்னை நினைத்து நாணினேன். பணி ஓய்வு பெற்ற ஆண்டில் மீண்டும் தட்டில் தண்ணீர் நிரப்பினேன்.

யாருடைய கலை?

இப்போது அந்தத் தந்தையாரின் கேள்விக்கு வருவோம். முறையின் ஒரு பகுதி ஜப்பானியருடையதே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவனீந்திரரின் மாணவர்கள் அதனைப் பாரதமெங்கும் கொண்டு சென்றனர். அசித்குமார் ஹல்தார் 1925இல் லக்னோ ஓவியப் பள்ளியின் தலைவரானார். அங்கு வேரூன்றிய மரபை, பத்ரிநாத் ஆர்யா போன்றோர் பிற்காலத்திலும் வளர்த்தனர். மைசூரில் வெங்கடப்பா புகழ்பெற்றார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக வந்தார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த கைகள் அவருடையவையே. 1927இல் இரவீந்திரநாத் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தபோது, உடன் வந்தவர்களுள் சாந்திநிகேதன் ஓவியர் சுரேந்திரநாத் கர் ஒருவர். இவ்வழிவந்த கலைஞரின் காலடி நம் மண்ணிலும் பட்டிருக்கிறது.

எங்கிருந்து வந்தது என்பது வரலாறு. நம்முடையதாயிற்றா என்பது வேறு கேள்வி. தாளின் மேல் வைத்த வண்ணமெல்லாம் தாளுடையது ஆகிவிடுவதில்லை. நீரில் முக்கிய பின்பும் எது நிற்கிறதோ அதுவே தாளுடையது. மூன்று தலைமுறை ஓவியர்கள் தங்கள் வாழ்நாளைக் கொடுத்துப் பயின்றதால், இம்முறை பாரதத்தில் ஊறி நின்றுவிட்டது. கடல் கடந்து வந்த நமக்கும் இது பொருந்தும். பூசையும் மொழியும் நம் பெற்றோரிடமிருந்து வந்ததனால் மட்டும் நம் பிள்ளைகளுடையவை ஆகிவிடா. அவர்கள் நாள்தோறும் அவற்றில் நனைந்து எழ வேண்டும்.

இதை ஒரு ஞாயிறன்று அந்தத் தந்தையாரிடம் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. மகனின் முருகன் படத்தைத் தட்டில் இறக்கும்போது அருகில் வந்து நின்றார். வேலின் நீலம் சிறிது கரைந்தது. மகன் கலங்கிப் போய் என்னைப் பார்த்தான். “பொறு, தம்பி. முகம் நிற்கிறது பார்” என்றார் அவர்.

என் ஆசிரியர் தந்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரங்கள் பழுப்பேறிவிட்டன. இவ்வாண்டு மார்கழியில் அதில் கோதை நாச்சியாரை எழுதத் தொடங்க எண்ணியுள்ளேன். விரும்பும் அன்பர்கள் தம் பிள்ளைகளுடன் வகுப்புக்கு வரலாம். ஒரு தட்டும் இரண்டு தூரிகைகளும் பொறுமையும் போதும். எல்லாம் வல்ல இறைவன் இக்கலைக்கும் இளந்தளிர்களுக்கும் துணை நிற்பானாக.